கொட்டகை வலையில் மாட்டிய விமானம்

போன வாரம் நீங்கள் நால்வரும் ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தீர்கள். "காலேஜ் விமானப் பட்டறைக்கு நாங்க புதுசு சார், உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனீர்கள். பால்சா மரக்கட்டையை எப்படி அறுப்பது, மாதிரி விமானத்தின் இறக்கையில் தாளை எப்படி ஒட்டுவது என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் உங்கள் கைபேசியிலேயே படமாக வருகிறது. பின்னணியில் இசை போட்டு என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு நான் வேண்டாம். நான் எழுதப்போவது கைபேசியில் வராத ஒன்றை. எனக்கு எழுதப் பிடிக்காத விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்த தச்சன். பன்னிரண்டு வருடம் வேங்கைப் பலகையோடு மல்லுக்கட்டிய கை இது. பிறகு கல்லூரியில் தச்சுப் பயிற்றுநர் வேலை கிடைத்தது. விமானத் துறை தொடங்கியபோது, மரவேலை தெரிந்தவர் என்று என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். பால்சாப் பலகையை முதல் தடவை கையில் எடுத்தபோது, எடுத்ததே தெரியாமல் நசுக்கிவிட்டேன். அத்தனை லேசு. நான்கு பலகை வீணான பிறகுதான் என் விரல் அடங்கியது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வெளியூர்க்காரர், இரண்டு வருடம்தான் எங்களோடு இருந்தார், பெயர் வேண்டாம். பேச்சு குறைவு, கோபம் அதிகம். நான் கட்டிய முதல் விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேர் எங்க?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. விமானத்துக்குப் பெயர் வைக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது என் பெயரை. கையை விட்டுப் பறக்கும் விமானத்தின் இறக்கையில் கட்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். அது இந்தத் தொழிலின் பழக்கம்.

"கண்டெடுத்தவங்க திருப்பிக் கொடுக்கறதுக்கா சார்?" என்றேன்.

"அதுவும்தான். அது எங்கயாச்சும் போய் எதையாச்சும் செஞ்சு வெச்சா, யாருடையதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல" என்றார்.

நீங்கள் ட்ரோனோடு வளர்ந்தவர்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு பொத்தானை அழுத்தித் திருப்பிக்கொள்வீர்கள். நாங்கள் கட்டியது வேறு ரகம். எலுமிச்சம்பழ அளவில் ஒரு எஞ்சின், ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த எண்ணெய், நாலு முழத்துக்குக் குறைவான இறக்கை. ரிமோட் கிடையாது. எண்ணெய் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும், அதன் பிறகு பருந்து மாதிரி வட்டமடித்து இறங்கும். எவ்வளவு நேரம் எஞ்சின் ஓட வேண்டுமோ அவ்வளவு எண்ணெயைச் சிரிஞ்சில் அளந்து ஊற்றுவோம், பதினைந்து விநாடிக்குக் கொஞ்சம். கை விட்ட பிறகு உங்களால் ஆகக்கூடியது ஒன்றுதான், பின்னாலேயே ஓடுவது.

நான் சொல்ல வந்தது மாசி மாதத்தில் நடந்தது. கல்லூரியில் தொழில்நுட்ப விழா. மூன்று மாதம் உட்கார்ந்து நானே கட்டிய விமானம், என் கையில் உருவானவற்றில் அதுதான் அழகு. இறக்கையின் அடியில் கல்லூரிப் பெயர், என் பெயர், என் எண், எல்லாம் என் கையெழுத்தில். காலை ஒன்பது மணிக்குப் பறக்க விடுவதாக ஏற்பாடு. அந்த நேரத்தில் காற்று இருக்காது. சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. இரண்டு மணி நேரமும் விமானத்தை வெயிலில் மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது இடது இறக்கையின் நுனி வெயிலில் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல் அளவுதான் இருக்கும்.

அது மட்டும் என்றால் தப்பித்திருப்பேன். படம் எடுக்க வேண்டும், எஞ்சினை ஓட்டிக் காட்டுங்கள் என்று மூன்று தடவை கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அளந்து ஊற்றச் சலிப்பாக இருந்ததால் எண்ணெய்த் தொட்டியை முழுக்க நிரப்பிவிட்டேன். தரையில் ஓடவிட்டுத் தீர்த்துவிட்டு, பறப்பதற்கு முன் அளந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று கணக்கு. மூன்றாவது தடவை எஞ்சின் கத்திக்கொண்டிருந்தபோது கல்லூரித் தாளாளர் விருந்தினரோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னங்க சார், காத்தாலிருந்து சத்தம் மட்டுந்தான் கேக்குது. பறக்குமா, இல்லை கத்தறது மட்டுந்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். விருந்தினரும் சிரித்தார். இறக்கை முறுக்கியிருப்பது எனக்குத் தெரியும், தொட்டியில் முக்கால்வாசி எண்ணெய் இருப்பதும் தெரியும். "ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்ல ஒரு நொடி போதும். எனக்குச் சுருக்கென்றது, அவ்வளவுதான். விமானத்தைக் கையிலிருந்து ஓங்கி விட்டுவிட்டேன்.

நேராக மேலே ஏற வேண்டிய விமானம் ஏறவில்லை. முறுக்கிய இறக்கை அதை இடது பக்கமாகவே இழுத்தது. தென்னை மர உயரத்தில் பெரிய பெரிய வட்டமாகக் கத்திக்கொண்டே கிழக்கே நகர்ந்தது. பதினைந்து விநாடி ஆயிற்று, அரை நிமிடம் ஆயிற்று, சத்தம் நிற்கவில்லை. கீழே கூட்டம் கை தட்டியது. கிழக்கே மக்காச்சோளம் அறுத்த காடு, அதைத் தாண்டினால் வரிசையாகக் கோழிக் கொட்டகைகள். நாமக்கல் பக்கம் எந்தத் திசையில் விட்டாலும் கடைசியில் ஒரு கோழிக் கொட்டகை இருக்கத்தான் செய்யும். வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், ஒரு நீளமான கொட்டகையின் பக்கவாட்டுக் கம்பி வலையில் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு தொங்கியது. உள்ளே தரையில் விட்டு வளர்க்கும் கறிக்கோழி. வளர்ந்து, வண்டி ஏற்றுகிற பருவத்தில் இருந்தது. கொட்டகையின் இந்தப் பாதியில் ஒரு கோழிகூட இல்லை. எல்லாம் எதிர் மூலைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சுவரோடு சுவராக வெள்ளையாகக் குவிந்திருந்தது. குவியல் அசைந்துகொண்டிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். என் அக்கா வீட்டில் கொட்டகை உண்டு. பயந்த கோழி மூலையில் போய் அடைந்தால் அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும், உடனே உள்ளே இறங்கி இரண்டு கையாலும் அள்ளி வீசிப் பிரித்துவிட வேண்டும், ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. இதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன் நான்.

அந்த மூலையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. குவியலுக்குப் பின்னால் குனிந்து பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். தலைமட்டும் ஒரு தடவை நிமிர்ந்தது.

"யாருங்க அங்க? செத்த ஓடியாங்க. கோழி சாவுதுங்க, ஒரு கை புடிங்க."

நான் விமானத்தைப் பார்த்தேன். இறக்கையின் அடியில் என் எழுத்து. கல்லூரி மைதானத்தில் தாளாளர், விருந்தினர், பத்திரிகைக்காரர்கள். நான் வலையிலிருந்து விமானத்தைப் பிடுங்கி, வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தக் குரல் இன்னொரு தடவையும் கேட்டது. கேட்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்டது.

மைதானத்தில் "மரத்துல மாட்டியிருந்துச்சு" என்று சொன்னேன். விருந்தினர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் படம் இன்னும் துறை அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு நாள் கழித்து, சாலையோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாடி பட்டறை நாளிலிருந்து எனக்குப் பழக்கமான டிரைவர் ஒருவர், இப்போது கோழித்தீவன லாரி ஓட்டுகிறார், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்க காலேஜுக்குக் கிழக்கால முத்துசாமியண்ணன் தோட்டம் தெரியுமுங்களா? அங்க ஒரு கூத்து. கோழி குமிஞ்சு பாதிக்கு மேல செத்துப்போச்சு. பாத்துக்கற பொம்பள பூங்கொடின்னு. ஏம்மா இப்படி ஆச்சுன்னு கேட்டா, பிளேன் வந்து வலையில உழுந்துச்சுங்கறா. கண்ணாடி போட்ட ஒருத்தரு வந்து அதத் தூக்கிட்டுப் போயிட்டாருங்கறா. கதவத் தொறந்து போட்டுட்டு எங்கியோ போயிருப்பா, நாய் பூந்திருக்கும். அத மறைக்கறதுக்குப் பிளேன ஓட்டறா."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார்.

"அதோட நிக்கலீங்க. நம்பலீன்னா பாருங்கன்னு, அந்தத் தோட்டத்துக் கருப்பனாரு கோயில்ல சூடத்தப் பத்த வெச்சுக் கையில அணைச்சுச் சத்தியமே பண்ணிட்டா. அண்ணனுக்குப் பொறுக்கலீங்க. ஊட்டக் காலி பண்ணுன்னுட்டாரு. இருக்கற கோழிய எடுக்க வர்ற வெள்ளிக்கெழம வண்டி வருது. அது வரைக்கும் இருந்துட்டுப் போன்னு சொல்லியிருக்காராம்."

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நான் போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பெண்ணுக்கு வேலையும் இருக்கும், தங்கும் அறையும் இருக்கும். இதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை. இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வலையிலிருந்து விமானத்தைப் பிடுங்கியதைப் பயத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி வரை இருந்த இந்த நான்கு நாளுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

துறைத்தலைவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "இந்த வாரம் ஆய்வுக்குழு வருது சார். இப்பப் போயி நீங்க இதக் கெளப்புனா காலேஜு பேரு வெளிய வரும். குழு போகட்டும், அடுத்த வாரம் நானே உங்க கூட வாரேன்" என்றார்.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. மேலிடத்து உத்தரவு கிடைத்துவிட்ட மாதிரி. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஆய்வுக்குழுவுக்காகப் பட்டறையைக் கழுவினோம். வெள்ளிக்கிழமை மாலை கிழக்கே கோழி வண்டிகள் போகிற சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது. நான் அப்போது ஒரு பெட்டியில் பால்சாத் துண்டுகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில், துறைத்தலைவருக்காகக் காத்திராமல் தனியாகப் போனேன். விமானத்தையும் சாட்சிக்கு எடுத்துக்கொண்டேன். முத்துசாமி ஐம்பது வயதுக்காரர், மெலிந்த ஆள். காலிக் கொட்டகையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் உதவிக்குக் கூப்பிட்டதையும் சொன்னேன். திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டுவிட்டு என்னையே பார்த்தார். நான் நீட்டிய விமானத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் எதுக்குங்க கொண்டாந்தீங்க? வாத்தியாரு நீங்க, பொய்யா சொல்லப் போறீங்க?" என்றார்.

பிறகு சுவரில் சாய்ந்து குத்த வைத்து உட்கார்ந்தார்.

"கோழி செத்ததுக்கு நான் அவள அனுப்பலீங்க. கோழின்னா சாகறதுதான். வெயிலுக்குச் சாவுது, சீக்குக்குச் சாவுது. நாய் பூந்துருச்சுங்க, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா ரெண்டு சத்தம் போட்டுட்டு விட்டிருப்பேன். அவ சாமி முன்னாடி சூடத்த அணைச்சுப் பிளேன்னு சொல்றா. கருப்பனாரு முன்னாடியே பொய்ச் சத்தியம் பண்றவள எப்படிங்க தோட்டத்துல வெச்சுக்கறது? எங்க ஊட்லயும் கொழந்த குட்டி இருக்குதுங்களே."

பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அங்கேயே இருந்திருப்பார். உண்மையைச் சொல்லி, அதற்குச் சத்தியமும் செய்ததால் வெளியே போயிருக்கிறார். அது உண்மை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், பட்டறை கழுவிக்கொண்டிருந்தேன்.

முத்துசாமி பூங்கொடி குடும்பத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "எங்க போறோம்னு சொல்லலீங்க. எங்க பாத்தாலும் திரும்பி வரச் சொல்லுங்க" என்றார். பிறகு எழுந்து கோயில் பக்கம் போனார். என்னைக் கூப்பிடவில்லை, நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தேடினேன். ஓமலூர்ப் பக்கம் அவருக்குத் தங்கை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன், அங்கே வரவில்லை. செங்கல் சூளைகளில் விசாரித்தேன். அதே தீவன லாரி டிரைவர்தான் கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னார். விஷயத்தைக் கேட்ட பிறகு அவர் என்னோடு டீ குடிப்பதில்லை, ஆனால் தகவல் மட்டும் சொன்னார். சங்ககிரி தாண்டி ஒரு விசைத்தறிப் பட்டறையில் இருக்கிறார்கள் என்று. நான் போய்ச் சேர்ந்தபோது ஆனி பிறந்திருந்தது.

பூங்கொடிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. தறிச் சத்தத்தில் பேச முடியாமல் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்கதான் அது" என்றார்.

"ஆமாம்மா."

"நான் கூப்பிட்டது காதுல உழுந்துச்சுங்களா?"

வரும் வழியெல்லாம் எதை எதையோ யோசித்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை மட்டும் எதிர்பார்க்கவில்லை. "விழுந்துச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "உழுந்திருக்கும்னுதான் நானும் நெனச்சேன். திரும்பிப் பாத்தீங்களே."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முத்துசாமி திரும்பக் கூப்பிடுகிறார் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் ஒன்றைக் காட்டினார்.

"எங்க ஊட்டுக்காரரு உள்ள இருக்காருங்க. அவருகிட்டச் சொல்லுங்க. அவருந்தான் நம்பலீங்க. புள்ளைக்கு ரெண்டு தடவ காச்ச வந்துச்சு. நான் பண்ணுன பொய்ச் சத்தியந்தான் புள்ள மேல எறங்குதுன்னு சொல்றாரு. நான் ஆக்கி வெச்சாச் சாப்புடறதில்லீங்க."

அவர் கணவர் குமார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரவுத் தறி ஓட்டிவிட்டு வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நான் வாசலில் நின்றபடியே சொன்னேன். விமானம் கத்திக்கொண்டு வந்தது, வலையில் விழுந்தது, நான் வண்டியில் வந்தேன், இவர் கூப்பிட்டார், நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பூங்கொடி எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணும்னா எந்தச் சாமி முன்னாடியும் வந்து சத்தியம் பண்றேன்" என்றேன்.

குமார் பதறி எழுந்து, கட்டிலில் கிடந்த துணியை ஒதுக்கி எனக்கு இடம் காட்டினார். "அதெல்லாம் எதுக்குங்க சார். படிச்சவங்க, நீங்க சொன்னாப் போதாதுங்களா?"

நான் உட்காரவில்லை.

பூங்கொடி முன்னால் வந்து குமாரின் முகத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"நான் சொன்னதத்தானுங்க இவரும் சொல்றாரு. ஒரு வார்த்த கூட மாத்தலீங்க" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்காமல் தறிக்குப் போய்விட்டார்.